எனக்குத் தெரியாத கோடு

ஜனவரி 12, திங்கள்

இன்று ஓவியக் கல்லூரி வகுப்பில் கறுப்புத் தாளும் வெள்ளைத் தாளும் மட்டும். சதுரமான கறுப்புத் தாளில் ஒரு உருவத்தை வெட்டி, வெட்டிய துண்டை அப்படியே வெளிப்பக்கம் புரட்டி வெள்ளை அட்டையில் ஒட்ட வேண்டும். உள்ளே ஓட்டை, வெளியே அதே உருவம். ஒரு துணுக்கைக்கூட வீசக் கூடாது. நான் சாவிக்கொத்தை வெட்டினேன். பல்லெல்லாம் பிசிறில்லாமல் வந்தது. மேடம் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "எது முன்னாடி, எது பின்னாடின்னு கண்ணு தடுமாறுது பாருங்க, அதான் வேணும்" என்றார்.

பக்கத்து மேசைக்காரி கையில் எப்போதும் ஒரு ஒட்டுநாடா உருளையை வளையல் மாதிரி மாட்டியிருப்பாள். அதனால் அவள் பெயர் டேப். வீட்டில் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும். "கறுப்பு வெள்ளையில நீ ராஜாடா" என்றாள். "கலர் வரட்டும், பாக்கலாம்."

சும்மா சீண்டினாள். நான்தான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அடுத்த வாரம் கலர் ஆரம்பம்.

ஜனவரி 18, ஞாயிறு

அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் பெயின்ட் ட்யூப்களை வரிசைப்படுத்தினாள். மூடியில் எல்லாம் பேனாவால் எழுதிவிட்டாள் - "இ" என்றால் இலை, "ம" என்றால் மரம், "மு" என்றால் முகம். அம்மா உள்ளே வந்ததும் இரண்டு பேரும் ட்யூப்களின் மேல் செய்தித்தாளை விரித்தோம். திருட்டுக் கும்பல் கெட்டது போங்கள்.

எழுதிவிடுகிறேன். எனக்குச் சில நிறங்கள் பிரிந்து தெரியாது. பச்சையும் பழுப்பும் சில வெளிச்சத்தில் அண்ணன் தம்பி, சில வெளிச்சத்தில் ஒரே ஆள். ஒன்றாம் வகுப்பில் பச்சை மரத்தில் பழுப்பு இலைகள் வரைந்தேன். டீச்சர் பார்ப்பதற்குள் நாலாம் வகுப்பில் இருந்த என் அக்கா பார்த்து, மேலே அழுத்தித் தேய்த்து மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து என் க்ரேயான் டப்பாவை அடுக்குவது அவள் வேலை. ஒரே ஒரு முறை பக்கத்து வீட்டுப் பையன் கண்டுபிடித்து, விடுமுறை முழுக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக் காட்டி "இது என்ன கலர்? இது என்ன கலர்?" என்று உயிரை வாங்கினான். அவர்கள் வீடு மாறிப் போனபோது தெருவே வருத்தப்பட்டது. நான் இனிப்புச் சாப்பிட்டேன்.

அப்புறம் எதற்குடா இந்தப் படிப்பு? கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. வேறு காரணம் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜனவரி 21, புதன்

தப்பித்தேன். ஒரு இலையைக் கொடுத்து அதன் நிறங்களைக் கலந்து காட்டச் சொன்னார்கள். நான் பெயின்டைத் தொடவே இல்லை. அக்கா வேலை செய்வது சுவர் பெயின்ட் கடையில், நிறம் கலக்கும் இயந்திரத்தில். அங்கே வாங்குபவர்களுக்குக் காட்ட ஷேட் கார்ட் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே நிறம், வெளுப்பிலிருந்து கருமைவரை ஆறு பட்டைகள், பட்டைக்குப் பின்னால் ஒன்றிலிருந்து ஆறுவரை எண். பழைய கார்டுகளை அக்கா எனக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். ஒன்பதாம் பக்கம் இலை. அதை வெட்டி ஒட்டினேன்.

மேடம் வெகுநேரம் பார்த்தார். "பெயின்ட் ஏன் வேண்டாம்னு விட்ட?"

"பேப்பர் பிடிக்கும் மேடம்."

பொய்யும் இல்லை.

ஜனவரி 24, சனி

தெருவில் சாக்கடை மூடிமேல் தாளைப் போட்டு, படுக்க வைத்த பென்சிலால் தேய்த்தேன். இரும்பின் பூவேலை அப்படியே தாளில் எழும்பி வந்தது. போகிறவர் ஒருவர் நின்று, "தம்பி, ஏதாவது உள்ள விழுந்துடுச்சா?" என்றார். இல்லை, பூவை எடுக்கிறேன் என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

பின்பு வீட்டுக் கதவு, அம்மாவின் சீப்பு, செருப்பின் அடி எல்லாவற்றையும் தேய்த்தேன். சீப்பு அழகாக வந்தது. இப்படியே கறுப்பும் சாம்பலுமாகப் படிப்பு முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும்.

ஜனவரி 30, வெள்ளி

மூன்றாம் வருடத்து அண்ணன் ஒருவர் கேன்டீனில் பேச்சுவாக்கில் சொன்னார்: இரண்டு வருடம் முன்பு கலர் தெரியாத பையன் ஒருத்தன் இருந்தானாம், வேறு படிப்புப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்களாம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்காவுக்குப் பதவி உயர்வு. வேறு ஊரில் திறக்கும் புதுக் கிளைக்கு அவள்தான் பொறுப்பாம். அம்மா தபால் பிரிக்கிற வேலையிலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் அவளைக் கட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். முகம் சிரித்தது, அவ்வளவுதான்.

அப்புறம் சமையலறையில் அக்கா மெதுவாக, "உனக்கென்னடா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சந்தோஷம்."

"மூஞ்சப் பாரு, சந்தோஷமாம்."

அவள் போகக் கூடாது என்று நினைக்கிறேன். எவ்வளவு கேவலமான நினைப்பு இது! அவளுக்கு நல்லது நடக்கிறது, நான் என் ட்யூப் மூடிகளைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

போய்விட்டாள். பேருந்து கிளம்புகிறது, அப்போதும் ஜன்னல் வழியாக, "பதினாலு முகம், ஒம்பது இலை, மறந்துடாத" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற அம்மா, "என்னடா சொல்றா?" என்றாள். அலமாரிச் சாவி விஷயம் என்றேன். நல்ல வேளை, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

பருவ முடிவு வேலை கொடுத்துவிட்டார்கள். வீட்டில் ஒருவரின் முகம், ஆளுயரத்தில் பாதி இருக்கும் பலகையில், வெட்டிய காகிதச் சதுரங்களால் மட்டும். வண்ணத்தில். ஜூரி என்று இரண்டு பேர் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்: மேடமும், வெளியிலிருந்து வரும் போஸ்டர் டிசைனர் ஒருவரும். இதில் கோட்டை விட்டால் அடுத்த வருடத்துக்குப் போக முடியாது.

அக்காவைத்தான் செய்யப் போகிறேன். போனில் சொன்னேன். "மூக்கைச் சின்னதாப் பண்ணு, காசா பணமா" என்றாள்.

மார்ச் 1, ஞாயிறு

வேலை செய்யும் விதம் பிடிபட்டுவிட்டது. பலகையில் கட்டம் போட்டாயிற்று. பதினான்காம் பக்கத்துப் பட்டைகளைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, முட்டை அட்டையின் குழிகளில் வெளுப்பிலிருந்து கருமைவரை பிரித்து வைத்திருக்கிறேன். குழிக்குள் எண். அக்காவின் புகைப்படத்தைப் பார்த்துக் கண்ணை இடுக்கினால் எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று தெரிந்துவிடும். அதில் எனக்குத் தடுமாற்றமே கிடையாது. ஈரப் பசையில் கை படாமல் இருக்க இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பத்தியாக ஒட்டிக்கொண்டு போகிறேன்.

இடது காது வந்துவிட்டது. அக்காவின் காதேதான். அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

மார்ச் 4, புதன்

கழுத்து வலி. இடது கண் முடிந்து மூக்கை நெருங்கிவிட்டேன். சின்னதாக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

பழைய கார்டுகள் தீர்ந்துவிட்டன. மூக்கு நுனியில் நிற்கிறேன். அக்கா இருந்த கடைக்கே போனேன். அவள் இடத்தில் இப்போது ஒரு அண்ணன் இருக்கிறார். அக்கா பெயரைச் சொன்னதும், "அட, அவங்க தம்பியா நீ?" என்று ஒரு கட்டுக் கார்டே எடுத்துக் கொடுத்தார். "போன வாரம்தான் வந்துச்சு, மடிப்புக்கூடக் கலையல."

வீட்டுக்கு வந்து பதினான்காம் பக்கத்தைப் பார்த்தேன். ஆறு பட்டை, அதே எண்கள். பழைய துண்டின் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். சரியாக இருந்தது. வெட்டத் தொடங்கிவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

முடிந்தது! சுவரில் சாய்த்து, கதவருகில் போய் நின்று பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். இவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. அம்மா இரவுப் பணியில் இருக்கிறாள், காட்ட ஆள் இல்லை. நாளை காலை அவள் வருவதற்குள் இதைத் துணியில் சுற்றி வகுப்புக்குத் தூக்கிப் போக வேண்டும்.

மார்ச் 11, புதன்

துணியை அவிழ்த்தேன். வகுப்பே எட்டிப் பார்த்தது. டேப்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"டேய்... பாதி மூஞ்சியைப் பச்சையாக்கிட்டியே! செம தைரியம்டா."

நான் பலகையைப் பார்த்தேன். அக்கா இருந்தாள். ஒரே அக்கா.

"எந்த - எப்படி இருக்கு?" என்று கேட்டு வைத்தேன்.

"கரெக்டா மூக்கு நடுவுல கோடு போட்ட மாதிரி! இந்தப் பக்கம் மனுஷி, அந்தப் பக்கம் பச்சை. எப்படித் தோணுச்சு?"

எல்லோரும் கூடிவிட்டார்கள். மேடமும் வந்தார். "ம்ம்" என்றார். அவர் "ம்ம்" சொல்வது அபூர்வம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமா, கொஞ்சம் வித்தியாசமா இருக்கட்டும்னு" என்றேன். வாய் தானாகச் சொன்னது. பல் கூசுகிறது இப்போது நினைத்தால்.

பின்பு கழிப்பறையில் நின்று அக்காவுக்குப் படம் அனுப்பினேன். அடுத்த நிமிடமே கூப்பிட்டாள்.

"யாருடா இது? பாதி நான், பாதி கிளியா?"

"அக்கா, பதினாலுதான் வெட்டினேன். சத்தியமா பதினாலு."

"எந்தக் கார்ட்?"

"உன் கடையில கொடுத்தது. புதுசு."

அந்தப் பக்கம் கார்டைப் புரட்டும் சத்தம். அப்புறம், "ஐயோ, புதுக் கார்டுல பக்கத்தையெல்லாம் மாத்திட்டாங்கடா. பதினாலு இப்ப பச்சை. உன்கிட்ட சொல்லணும்னே தோணல" என்றாள். அழுகிற குரல். நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மார்ச் 12, வியாழன்

அக்கா மறுபடி கூப்பிட்டாள். "எல்லாரும் நல்லாருக்குன்னுதானே சொல்றாங்க? அப்படியே விட்டுடு. வேணும்னுதான் பண்ணேன்னு சொல்லு. யாருக்குத் தெரியப் போகுது?"

சரி என்றேன்.

மார்ச் 14, சனி

வகுப்பில் என் பலகைக்கு அர்த்தம் கண்டுபிடிக்கும் போட்டி நடக்கிறது. ஒருவன் பொறாமை என்கிறான். இன்னொருத்தி, ஒரு பக்கம் நகரம், மறு பக்கம் காடு என்கிறாள். டேப் எனக்கென்றே ஒரு பதில் தயாரித்துக் கொடுத்திருக்கிறாள்: "வெளியில ஒரு முகம், உள்ள ஒரு முகம்னு சொல்லு. ஜூரிங்க அப்படியே சாஞ்சுடுவாங்க."

எல்லோரும் போன பிறகு பலகையின் முன்னால் தனியாக உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் திருப்பினேன், விளக்கைப் போட்டேன், அணைத்தேன், கண்ணை இடுக்கினேன், ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். எங்கேடா இருக்கு அந்தக் கோடு? நான் ஒட்டியது. என் விரலால் ஒவ்வொரு துண்டாக நான் ஒட்டியது! கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. எங்கே தொடங்குகிறது என்று பழைய கார்ட் தீர்ந்த பத்தியை எண்ணித்தான் சொல்ல முடியும். பொறாமையாம். அது என் பக்கம்தான் இருக்கிறது. எல்லோரும் பார்ப்பதை ஒரு தடவை பார்க்கவேண்டும்.

மார்ச் 16, திங்கள்

நாளைக்கு ஜூரி. வெளியில ஒரு முகம், உள்ள ஒரு முகம். வெளியில ஒரு முகம், உள்ள ஒரு முகம். மனப்பாடம் ஆகிவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போஸ்டர் டிசைனர் தாடிக்காரர், நல்ல மனிதர் மாதிரி இருந்தார். என் பலகைக்கு முன்னால் மற்ற எல்லாரிடமும் நின்றதைவிட அதிக நேரம் நின்றார். "வெளிச்சம் நிழலெல்லாம் ஒரு இடத்துலகூடப் பிசகல" என்றார். அதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு விரலால் நெற்றியிலிருந்து மூக்கு வழியாகத் தாடைவரை காற்றில் கோடிழுத்துக் காட்டினார். "ஆனா விஷயம் இங்கதான் இருக்கு. இந்தக் கோடு. ஏன் இங்க வச்சீங்க?"

டேப் பின்னால் இருந்து உதட்டை அசைத்துக் காட்டுகிறாள்: வெளியில ஒரு முகம். எனக்கு ஞாபகம் இருந்தது. மறக்கவெல்லாம் இல்லை. அவர் விரல் போன இடத்தையே பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை, என் அக்காவின் மூக்கு மட்டும்தான் இருந்தது.

"எனக்கு அந்தக் கோடு தெரியாது சார்."

"எந்தக் கோடு?"

"நீங்க காட்டுறது. எனக்கு அது ஒரே முகமாத்தான் தெரியுது."

அப்புறம் கார்ட் மாறிய கதையைச் சொன்னேன், பாதி தமிழில், பாதி உளறலில். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இது தானா நடந்ததா?" என்றார். பேனாவை மூடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அந்த க்ளிக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மேடம் மட்டும் அசையவில்லை. "இது ஜனவரியில இருந்தா?" என்றார்.

"பொறந்ததுல இருந்து மேடம்."

டேப் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தினாள், அப்படியும் வந்துவிட்டது. அடுத்து நானும் சிரித்தேன், நிறுத்தவே முடியவில்லை. மேடம் தண்ணீர் குடிக்கச் சொல்லி வெளியே அனுப்பினார்.

போச்சு. எல்லாம் போச்சு. ஆனால் பசிக்கிறது.

மார்ச் 18, புதன்

பெட்டியைக் கட்டுகிற மனநிலையில் மேடம் அறைக்குப் போனேன். இரண்டு வருடம் முந்தைய பையனைப் பற்றி நானே கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "அனுப்பினோம்னு யார் சொன்னா? அவன் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம வர்றதை நிறுத்திட்டான். காரணமே அப்புறம்தான் தெரிஞ்சது."

முகத்துக்கு வெட்டு வேலை, வடிவம், வெளிச்சத்துக்கு மட்டும் மதிப்பெண். தேர்ச்சி, மயிரிழையில். கலருக்குச் சுழியம். "இதுவரைக்கும் போட்ட கலர் மார்க் எல்லாம் உங்க அக்காவுக்குத்தான் போகணும்" என்றார். பிப்ரவரியில் அக்காவின் மூடிகளை நம்பிச் செய்து கொடுத்த வண்ணச் சக்கரத்தை, அதாவது நிறங்களை வட்டமாக அடுக்குகிற அட்டையை, விடுமுறைக்குள் நானே திரும்பச் செய்து தர வேண்டும். எது என்ன நிறம் என்று யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் கட்டத்துக்குப் பக்கத்தில் யாரைக் கேட்டேன் என்று எழுதி வைக்க வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன், எதிரே பார்த்தால் வராது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கப்பா கடையில தக்காளி பொறுக்கிட்டு வந்தா பாதி காயாத்தான் இருக்கும். எங்கம்மா திட்டித் தீர்த்துடுவாங்க. அவரு ஒரு வார்த்தை பேச மாட்டாரு" என்றாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். திடீரென்று நிமிர்ந்தாள். "ஆமா, இத்தனை வருஷமா நான் எது போட்டாலும் 'நல்லாருக்கும்மா'ன்னியே, பாத்தா சொன்ன?"

"உன் முகத்தைப் பாத்துச் சொன்னேன்மா."

"பேச்சைப் பாரு" என்று இன்னொரு கரண்டி போட்டாள்.

ஆனால் அக்காவிடம் போனில் சண்டை பிடித்தாள். என்னிடம் மறைத்தீர்களே, இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்தீர்களே என்று. அது நியாயம்தான்.

மார்ச் 27, வெள்ளி

வண்ணச் சக்கரம் பாதி. முதல் கட்டத்துக்கு வாட்ச்மேனிடம் போய் நின்றபோது முதலில் மணி என்ன என்றுதான் கேட்டேன். "அண்ணே, இது... என்ன கலர்?" அவர் வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "நீலம்" என்றார். கேன்டீன் அக்கா அதையே பச்சை என்றார். டேப் இரண்டும் இல்லை, அதற்கு வேறு பெயர் இருக்கிறது என்று ஆரம்பித்தாள். மூன்று பேரும் என் தாளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சண்டை போட்டார்கள். நான் ஓரமாக நின்று டீ குடித்தேன். இவர்களுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?

மூன்று பேரையும் எழுதினேன். மூன்று பதிலையும்.

ஏப்ரல் 1, புதன்

டேப் இரண்டு சாம்பல் தாளை நீட்டி, "எது டார்க்?" என்றாள். சொன்னேன். என் தாளை நீட்டினேன். "பழுப்பு" என்றாள். இப்போது இப்படித்தான் ஓடுகிறது மேசை. கணக்கு யாரும் வைப்பதில்லை.

ஏப்ரல் 4, சனி

சக்கரத்தைக் கொடுத்துவிட்டேன். மேடம் கட்டங்களைவிடப் பக்கத்தில் எழுதியிருந்ததைத்தான் அதிக நேரம் படித்தார். வாட்ச்மேன் வரியில் சிரித்த மாதிரி இருந்தது.

அக்கா தன் புது அறையில் மாட்ட அந்தப் பலகைதான் வேண்டும் என்கிறாள். வேறு செய்து தருகிறேன், முழு முகமும் சரியாக, என்றேன். "முடியாது, கிளியைத்தான் அனுப்பு" என்றாள். துணியில் சுற்றி, அட்டை வைத்துக் கட்டினேன். அம்மா முடிச்சுப் போட்டாள், தபால்காரி முடிச்சு, யாராலும் அவிழ்க்க முடியாது.

கிளிக்கு ஜோடியாகத் தனியே அனுப்ப ஒரு குவளை வாங்கப் போனேன். அலமாரியில் ஒரே அளவில் நிறைய இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

"இது பச்சைதானே?" என்று கேட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

கடைக்காரர் குவளையைத் திருப்பிப் பார்த்தார். "இல்ல தம்பி, இது பழுப்பு. பச்சை வேணுமா?"

"ஆமா, நல்ல பச்சையா ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றேன். எடுத்துக் கொடுத்தார்.